நகரம் இயற்றிய சட்டத்தை நாடாளுமன்றம் தூக்கியெறிந்தது எப்படி? வாஷிங்டன் குற்றச் சட்டத் திருத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் நகர மன்றம் தன் பழைய குற்றச் சட்டத்தை முழுமையாகத் திருத்தி எழுதியது. 2023 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை ரத்து செய்தது. அந்த நிகழ்வு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. எனக்கு இதில் ஒரு நிலைப்பாடு உண்டு. புதிய சட்டத்தில் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் அவற்றைத் திருத்தும் உரிமை அந்த நகரத்து வாக்காளர்களுக்கே உரியது என்று நம்புகிறேன்.

சுருக்கமாக, என்ன நடந்தது?

2022 நவம்பர் 15 அன்று நகர மன்றத்தின் 13 உறுப்பினர்களும் ஒருமனதாகச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். 2023 ஜனவரித் தொடக்கத்தில் மேயர் மியூரியல் பவுசர் அதை வீட்டோ செய்தார். ஜனவரி 17 அன்று மன்றம் 12-க்கு 1 என்ற வாக்கில் அந்த வீட்டோவை முறியடித்தது. நகர அளவில் விவாதம் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பிப்ரவரி 9 அன்று பிரதிநிதிகள் சபை 250-க்கு 173 என்ற கணக்கில் சட்டத்தை நிராகரித்தது. ஜனநாயகக் கட்சியினர் 31 பேர் குடியரசுக் கட்சியோடு சேர்ந்து வாக்களித்தார்கள். மார்ச் 8 அன்று செனட் 81-க்கு 14 என நிராகரித்தது. மார்ச் 20 அன்று அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டார். 118-ஆவது காங்கிரஸ் இயற்றிய முதல் சட்டமே இதுதான்.

குற்றச் சட்டம் இயற்றுவது ஒரு நகர மன்றத்தின் வேலையா?

மற்ற அமெரிக்க நகரங்களில் இல்லை. அங்கே மாநிலச் சட்டமன்றம் அதைச் செய்யும். வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராத பகுதி. கொலம்பியா மாவட்டம் என்பது அதன் முறையான பெயர். எனவே மாநிலம் செய்யும் வேலையையும் நகராட்சி செய்யும் வேலையையும் 13 பேர் கொண்ட ஒரே மன்றம் செய்கிறது.

பழைய சட்டத்தில் அப்படி என்ன குறை?

அது 1901-இல் காங்கிரஸ் எழுதிக் கொடுத்த சட்டம். அதற்குப் பிறகு ஒட்டுப் போட்டுத் தைத்தார்களே தவிர, முழுமையாக யாரும் திருத்தி எழுதவில்லை.

இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். முதலாவது, சாதாரணத் தாக்குதல். அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்று சட்டம் சொல்கிறது; தாக்குதல் என்றால் என்ன என்று சொல்வதில்லை. கையை ஓங்கினால் தாக்குதலா, தொட்டால்தான் தாக்குதலா, அடிக்கும் எண்ணம் இருந்திருக்க வேண்டுமா என்பதையெல்லாம் நீதிபதிகள் பத்தாண்டு பத்தாண்டாகத் தீர்ப்புகளில் சொல்லிச் சொல்லித்தான் வரையறை உருவானது. ஒரு குடிமகன் சட்டப் புத்தகத்தைத் திறந்து தான் செய்வது குற்றமா என்று பார்த்தால் அங்கே விடை கிடைக்காது.

இரண்டாவது, வழிப்பறி. அந்தப் பிரிவில் வன்முறையால் பறிப்பதும், மிரட்டிப் பறிப்பதும், பறிகொடுத்தவருக்கே தெரியாமல் சட்டைப் பையிலிருந்து நைசாக எடுப்பதும் ஒன்றாகவே கிடக்கின்றன. மூன்றுக்கும் 2 முதல் 15 ஆண்டு வரை சிறை. கூட்டத்தில் பர்ஸை உருவியவரும், ஒருவரைக் கீழே தள்ளி மிதித்துப் பணத்தைப் பறித்தவரும் ஒரே பிரிவில், ஒரே வரம்புக்குள் நிற்கிறார்கள். இருவருக்கும் எவ்வளவு வித்தியாசம் காட்டுவது என்பது அன்றைய அரசு வழக்கறிஞரின், நீதிபதியின் மனத்தைப் பொறுத்தது. இது நியாயம் என்று இடதுசாரியும் சொல்ல மாட்டார், வலதுசாரியும் சொல்ல மாட்டார்.

புதிய சட்டத்தை யார் எழுதினார்கள்? அவசரத்தில் எழுதியதா?

அவசரம் என்ற குற்றச்சாட்டை மட்டும் என்னால் ஏற்க முடியாது. 2016-இல் இதற்கென்றே ஒரு குற்றச் சட்டச் சீர்திருத்த ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் ஆலோசனைக் குழுவில் சட்டப் பேராசிரியர்களும், வசதியற்ற குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் அரசுச் செலவிலான வழக்கறிஞர்களும் மட்டுமல்ல, குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றும் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் பிரதிநிதியும் உட்கார்ந்திருந்தார். 2021 மார்ச் இறுதியில் ஆணையம் தன் பரிந்துரைகளைக் கொடுத்தது. அதற்குப் பிறகு நகர மன்றம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் விசாரணை நடத்தி, நானூறு பக்கங்களைத் தாண்டும் சட்டமாக அதை வடித்தது. உடனே நடைமுறைக்குக் கொண்டுவரவும் இல்லை. காவல்துறையும் நீதிமன்றங்களும் தயாராகட்டும் என்று 2025 அக்டோபர் 1-ஐ நாளாகக் குறித்தார்கள்.

உள்ளடக்கம்: ஒவ்வொரு குற்றத்துக்கும் வரையறை; கடுமைக்கு ஏற்பப் படிநிலைகள்; முதல்நிலைக் கொலை தவிர மற்றவற்றுக்குக் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை நீக்கம்; சிறு குற்றங்களில் சிறை செல்லும் வாய்ப்புள்ள ஏறக்குறைய எல்லோருக்கும், படிப்படியாக, ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் குழு) விசாரணை கேட்கும் உரிமை; 20 ஆண்டு சிறையில் கழித்தவர் தண்டனைக் குறைப்புக்கு நீதிபதியிடம் மனு செய்யும் வாய்ப்பு. கொலை முயற்சி போன்ற சில குற்றங்களுக்குத் தண்டனை உயர்ந்தது. இந்தக் கடைசிச் செய்தி தொலைக்காட்சி விவாதங்களில் ஏறக்குறைய காணாமலே போனது.

கார் பறிப்புக்குத் தண்டனையைக் குறைத்தார்கள் என்பது உண்மைதானே?

காகிதத்தில் உண்மை. ஓட்டுநரை ஆயுதம் காட்டி மிரட்டிக் காரைப் பறிப்பவருக்குப் பழைய சட்டத்தில் குறைந்தது 15 ஆண்டு, அதிகபட்சம் 40 ஆண்டு. புதிய சட்டம் அந்தக் குற்றத்தைப் படிநிலைகளாகப் பிரித்து, கடுமையான ஆயுதப் பறிப்புக்கு உச்ச வரம்பாக 24 ஆண்டைக் குறித்தது. ஒட்டுமொத்தச் சட்டத்தின் தலைவிதியை முடிவு செய்தது இந்த 40, 24 என்ற இரண்டு எண்கள்தான். எனவே இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

உச்ச வரம்பு என்பது நீதிபதி தாண்டக் கூடாத கோடு. அந்தக் கோடு வரை எல்லோரும் தண்டிக்கப்படுவதில்லை. ஆயுதக் கார் பறிப்புக்கு வாஷிங்டன் நீதிமன்றங்கள் நடைமுறையில் கொடுத்துவந்தது சராசரியாக 15 ஆண்டு அளவில்தான் என்று திருத்தத்தை ஆதரித்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். யாரும் 40 ஆண்டுக்குப் போகாத இடத்தில் 40-ஐ 24 ஆக்கினால், நாளைக்குச் சிறை செல்பவரின் நாட்காட்டியில் பெரிய மாற்றம் வராது. அதே ஆள் காரைப் பறிக்கும்போது வேறு குற்றமும் செய்திருந்தால் அதற்குத் தனித் தண்டனை சேரும்.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காங்கிரஸ் தானே இயற்றி வைத்திருக்கும் கூட்டாட்சிக் கார் பறிப்புச் சட்டத்தில், யாருக்கும் பலத்த காயம் ஏற்படாத வழக்கில் உச்ச வரம்பு 15 ஆண்டுதான். (துப்பாக்கிக்கென்று தனிக் குற்றச்சாட்டு சேர்த்தால் கூடும், அதை மறைக்க விரும்பவில்லை.) நிராகரிப்புத் தீர்மானத்தைக் கொண்டுவந்த ஆண்ட்ரூ கிளைட் ஜார்ஜியா மாநிலத்து உறுப்பினர். ஜார்ஜியாவில் ஆயுதம் காட்டிக் காரைப் பறிக்கும் முதல்முறைக் குற்றவாளிக்கு உச்ச வரம்பு 20 ஆண்டு. தங்கள் ஊரில் 20 போதும், வாஷிங்டனில் 24 போதாது என்று வாக்களித்தவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்க அந்த நகரத்து மக்களுக்கு வாக்குச்சீட்டு இல்லை. எனக்கு நெஞ்சு பொறுக்காத இடம் இதுதான்.

ஆனால் மேயரே எதிர்த்தாரே?

எதிர்த்தார். அப்போதைய காவல்துறைத் தலைவர் ராபர்ட் கான்டியும் எதிர்த்தார். கார் பறிப்பு, வழிப்பறி, துப்பாக்கிக் குற்றங்களுக்கான வரம்புகளைக் குறைப்பது தவறான செய்தியைச் சொல்லும் என்பது மேயரின் வாதம். ஜூரி விசாரணைகள் பெருகினால் நீதிமன்றம் தாங்காது என்றும் கவலைப்பட்டார். இரண்டாவது கவலை எனக்கும் நியாயமாகவே படுகிறது.

ஆனால் அவர் சட்டத்தில் 95 சதவீதத்தோடு உடன்படுவதாகவும் சொன்னார் என்பதை மறந்துவிடக் கூடாது. மீதி 5 சதவீதத்தைத் திருத்த வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. அவர் காங்கிரஸ் தலையிடுவதை வரவேற்கவும் இல்லை. எனினும் அவருடைய வீட்டோதான் தலையீட்டை விரும்பியவர்களுக்குக் கேடயமானது. நகரத்து மேயரே எதிர்க்கிறார், நாங்கள் எதிர்த்தால் என்ன என்றார்கள். மேயரும் மன்றமும் மோதிக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கும். அந்த மோதலை ஊரே தீர்த்துக்கொள்ள விடாததுதான் இங்கே நடந்த அநீதி.

குற்றங்கள் பெருகியிருந்தனவே, மக்களின் பயம் பொய்யா?

பயம் உண்மை. 2021-இல் நகரில் 226 கொலைகள், 2022-இல் 203. 7 லட்சம் பேர்கூட இல்லாத ஊருக்கு இது சின்ன எண்ணிக்கை அல்ல. கார் பறிப்புகள் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருந்தன. பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு நடந்த அன்று காலையில்தான், மின்னசோட்டா உறுப்பினர் ஆஞ்சி கிரெய்க் தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டில் தாக்கப்பட்டார். அந்தச் சூழலில், சட்டத்தின் நோக்கத்தை வீதி வீதியாகச் சென்று விளக்கும் வேலையை நகர மன்றம் போதுமான அளவு செய்யவில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் தாய் காரின் கதவைப் பூட்டிக்கொண்டு சிக்னலில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, உச்ச வரம்புக்கும் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டை நானூறு பக்கச் சட்டம் தானாக விளக்கிவிடாது. மன்றம் இதை உணர்ந்திருக்க வேண்டும்.

நகரச் சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் காங்கிரஸுக்கு எங்கிருந்து வந்தது?

அரசியல் சாசனத்தின் முதல் விதி, எட்டாம் பிரிவு தலைநகர மாவட்டத்தின் மீது காங்கிரஸுக்கு முழு அதிகாரம் தருகிறது. 1973 டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தன்னாட்சிச் சட்டம், மேயரையும் மன்றத்தையும் மக்களே தேர்ந்தெடுக்க வழிவிட்டது. ஆனால் கயிற்றின் நுனியைக் காங்கிரஸ் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. மன்றம் இயற்றும் ஒவ்வொரு சட்டமும் காங்கிரஸின் பரிசீலனைக்குப் போக வேண்டும்: சாதாரணச் சட்டத்துக்கு 30 நாள், குற்றச் சட்டத்துக்கு 60 நாள். இவை நாட்காட்டி நாட்கள் அல்ல. காங்கிரஸ் கூடும் நாட்களைக் கொண்டு எண்ணுவதால் மாதக்கணக்கில் இழுக்கும். அந்தக் காலத்துக்குள் இரு சபைகளும் நிராகரித்து அதிபர் கையெழுத்திட்டால் சட்டம் செத்துப்போகும்.

செனட்டில் வழக்கமாகச் சர்ச்சைக்குரிய மசோதாவுக்கு 60 வாக்கு வேண்டும். இந்த வகைத் தீர்மானத்துக்கு அந்தத் தடை இல்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும்.

இதற்கு முன் இப்படி நடந்திருக்கிறதா?

நேரடியாக ரத்து செய்தது இதற்கு முன் மூன்று முறை. 1979-இல் வெளிநாட்டுத் தூதரகக் கட்டடங்கள் எங்கே அமையலாம் என்ற சட்டம். 1991-இல் கட்டட உயரம் பற்றிய சட்டம். இரண்டுக்கும் நடுவே 1981-இல் நடந்ததுதான் 2023-இன் மூத்த சகோதரன்.

1981-இல் நகர மன்றம் பாலியல் குற்றச் சட்டங்களைச் சீர்திருத்தியது. வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு, தன்பாலின உறவு உட்பட, குற்றமல்ல என்றது. மதவாத வலதுசாரி அமைப்புகள் கொதித்தெழுந்தன. பிரதிநிதிகள் சபை 281-க்கு 119 என்று சட்டத்தைக் கொன்றது. அன்றைய விதிப்படி குற்றச் சட்டத்துக்கு ஒரு சபையின் மறுப்பே போதும். அதே சீர்திருத்தத்தை நகரம் மீண்டும் செய்து முடிக்க 1993 ஆகிவிட்டது. இடையில் 12 ஆண்டுகள், தங்கள் வீட்டுக்குள் வாழ்ந்ததற்காகவே மனிதர்கள் சட்டப்படி குற்றவாளிகளாக இருந்தார்கள். அவர்களுக்கு அந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

நேரடி ரத்து அபூர்வம் என்பதால் தலையீடு அபூர்வம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்டுதோறும் வரும் நிதி மசோதாவில் ஒரு வரியைச் செருகி, இதற்கு நகரம் பணம் செலவிடக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். 1998-இல் மருத்துவக் கஞ்சா குறித்து நகர மக்கள் வாக்களித்தார்கள். அந்த வாக்குகளை எண்ணி அறிவிக்கக்கூட விடாமல் காங்கிரஸ் பணத்தைத் தடுத்தது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் ஆதரவு 69 சதவீதம் என்பது வெளியே தெரிந்தது. அப்போதும் பத்தாண்டுக்கு மேல் சட்டம் முடங்கியே கிடந்தது. போட்ட வாக்கை எண்ணுவதற்கே தடை!

அந்த நகரத்து மக்களுக்குக் காங்கிரஸில் யார் இருக்கிறார்கள்?

செனட்டில் யாருமில்லை. பிரதிநிதிகள் சபையில் எலினார் ஹோம்ஸ் நார்ட்டன் என்ற பேராளர், 1991 முதல். அவர் பேசலாம், குழுக்களில் பணியாற்றலாம். சட்டம் நிறைவேறும் இறுதி வாக்கெடுப்பில் வாக்களிக்க முடியாது. 2020 கணக்கெடுப்பின்படி நகர மக்கள்தொகை 6,89,545. வயோமிங், வெர்மான்ட் மாநிலங்களைவிட அதிகம். அந்த இரண்டுக்கும் தலா இரண்டு செனட்டர்கள் உண்டு. கூட்டாட்சி வருமான வரி மட்டும் எல்லோருக்கும் பொது. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரியா என்ற பழைய விடுதலைப் போராட்ட முழக்கத்தை நகரம் 2000-ஆம் ஆண்டு முதல் தன் வாகன எண் பலகையிலேயே பொறித்து வைத்திருக்கிறது.

குற்ற நீதியில் நிலைமை இன்னும் மோசம். பெரியவர்கள் மீதான கடுங்குற்ற வழக்குகளை நடத்துபவர் அதிபர் நியமிக்கும் அரசு வழக்கறிஞர். உள்ளூர் நீதிபதிகளையும் அதிபரே நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. தண்டனை பெற்றவர்கள் கூட்டாட்சிச் சிறைகளுக்கு, பல நேரம் குடும்பத்தினர் போய்ப் பார்க்க முடியாத தொலைவுக்கு, அனுப்பப்படுகிறார்கள். நகரின் சொந்தச் சிறைச்சாலையான லார்ட்டன் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. சட்டத்தின் எழுத்து ஒன்றுதான் நகரத்தின் கையில் இருந்தது.

தன்னாட்சியை ஆதரிப்பதாகச் சொன்ன பைடன் ஏன் கையெழுத்திட்டார்?

பிப்ரவரி தொடக்கத்தில் வெள்ளை மாளிகை இந்தத் தீர்மானத்தை எதிர்ப்பதாக எழுத்திலேயே அறிவித்தது. அதை நம்பித்தான் 173 பேர் பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து வாக்களித்தார்கள். மார்ச் 2 அன்று பைடன், மாநிலத் தகுதியையும் தன்னாட்சியையும் ஆதரிப்பதாகவும், ஆனால் கார் பறிப்புத் தண்டனையைக் குறைப்பது போன்ற மாற்றங்களை ஏற்கவில்லை என்றும், தீர்மானம் வந்தால் கையெழுத்திடுவேன் என்றும் சொன்னார். அடுத்த ஆண்டு தேர்தல். குற்றங்களில் மென்மையானவர் என்ற பழிக்கு அஞ்சினார் என்பதே என் கணிப்பு. தன்னாட்சி என்பது நாம் விரும்பாத சட்டத்தையும் பொறுத்துக்கொள்வதுதான். விரும்பிய சட்டத்துக்கு மட்டும் அனுமதி என்றால் அதற்குத் தன்னாட்சி என்ற பெயர் பொருந்தாது. குடியரசுக் கட்சியினர் தாங்கள் நம்பியதைச் செய்தார்கள். நகரத்தின் நண்பர் என்று வந்தவர் கைவிட்டதுதான் அதிகம் வலித்தது.

நகர மன்றமே சட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கேள்விப்பட்டேனே?

மன்றத் தலைவர் ஃபில் மெண்டல்சன் மார்ச் 6 அன்று அப்படிக் கடிதம் அனுப்பினார். தன்னாட்சிச் சட்டத்தில் அதற்கு வழி இல்லை என்று செனட் வாக்கெடுப்பை நடத்தியே முடித்தது.

இதில் இனப் பிரச்சினை உண்டா?

வரலாறு தெரிந்தவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். 1950-களின் இறுதியில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையான முதல் பெரிய அமெரிக்க நகரம் வாஷிங்டன். அதை அன்று கட்டுப்படுத்தியது மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் அல்ல, காங்கிரஸின் குழு. அக்குழுவின் தலைவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் தென் கரோலினாவின் ஜான் மெக்மில்லன், இனப் பிரிவினையை ஆதரித்தவர். 1967-இல் நியமிக்கப்பட்ட கறுப்பின மேயர் வால்டர் வாஷிங்டன் தன் முதல் பட்ஜெட்டை அனுப்பியபோது, மெக்மில்லன் பதிலுக்கு ஒரு லாரி நிறையத் தர்ப்பூசணி அனுப்பினார் என்பது பரவலாகப் பதிவான செய்தி. தர்ப்பூசணி அந்நாட்டில் கறுப்பின மக்களை இழிவு செய்யும் பழைய அடையாளம். 1972-இல் மெக்மில்லன் தேர்தலில் தோற்ற பிறகே தன்னாட்சிச் சட்டத்துக்குக் கதவு திறந்தது. இன்று கறுப்பின மக்கள் நகரில் பாதிக்கும் குறைவு. ஆனால் சிறைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்கள்தான். எனவே குற்றச் சட்டத்தை யார் எழுதுவது என்ற கேள்வி அங்கே ஒருபோதும் வெறும் நிர்வாகக் கேள்வியாக இருந்ததில்லை.

சட்டம் ரத்தானதால் குற்றம் குறைந்ததா?

2023-இல் 274 கொலைகள். 1997-க்குப் பிறகு மிக அதிகம். கார் பறிப்பு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அந்த ஆண்டு முழுவதும் நடப்பில் இருந்தது 40 ஆண்டு வரம்புள்ள பழைய சட்டம். 2024-இல் கொலைகள் 187 ஆகக் குறைந்தன. அப்போதும் அதே பழைய சட்டத்தின் வரம்புகள்தான். நடைமுறைக்கே வராத சட்டத்தின் மீது பழியும் போட முடியாது, அதை ரத்து செய்ததற்குப் பெருமையும் கொண்டாட முடியாது.

பைடன் வேறொரு நகரச் சட்டத்தைக் காப்பாற்றினார் அல்லவா?

ஆம். காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தையும் இரு சபைகளும் நிராகரித்தன. 2023 மே 25 அன்று பைடன் அந்தத் தீர்மானத்தை வீட்டோ செய்தார். அதை முறியடிக்கப் போதிய வாக்கு கிடைக்கவில்லை. மார்ச்சில் இல்லாத துணிவு மே மாதத்தில் வந்தது.

மாநிலத் தகுதி கிடைத்தால் இது தீருமா?

தீரும். 2016-இல் நகர வாக்காளர்களில் 86 சதவீதம் பேர் அதைக் கேட்டார்கள். பிரதிநிதிகள் சபை 2020-லும் 2021-லும் மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு முறையும் செனட்டில் நின்றுபோனது. புதிய மாநிலம் ஜனநாயகக் கட்சிக்கு இரண்டு செனட்டர்களைத் தரும் என்ற கணக்குதான் முட்டுக்கட்டை.

இப்போது அங்கே எந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறது?

பழையதுதான். 2024 மார்ச்சில் மன்றம் குற்றங்களைக் கடுமையாகக் கையாளும் ஒரு சட்டத்தை இயற்றியது; முழுத் திருத்தத்தை மீண்டும் கையில் எடுக்கும் மனநிலை அங்கே இல்லை. 2025 ஆகஸ்ட் 11 அன்று அதிபர் டிரம்ப், தன்னாட்சிச் சட்டத்திலேயே உள்ள ஒரு பிரிவைப் பயன்படுத்தி நகரக் காவல்துறையை 30 நாளுக்குத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார். தேசியக் காவல் படை வீதிகளில் இறங்கியது. புதிய குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய 2025 அக்டோபர் 1 அன்றும் நகர நீதிமன்றத்தில் வழிப்பறி வழக்குகள் வழிவழியாக வந்த அதே பிரிவின்கீழ்தான் விசாரிக்கப்பட்டன. பர்ஸை உருவியவருக்கும் ஆளை மிதித்துப் பறித்தவருக்கும் 2 முதல் 15 ஆண்டு.